பழைய டெஹ்ரி: வீட்டுக்கு வீடு கொடுத்தும் தீராத கணக்கு

உத்தராகண்டில் உள்ள நியூ டெஹ்ரிக்குப் போய்வந்த ஒருவர் கேட்டிருக்கிறார்: "அகலமான ரோடு, வரிசையாக வீடுகள், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கலெக்டர் ஆபீஸ் எல்லாம் இருக்கிறது. அணைக்காக ஊரைக் காலி செய்தவர்களுக்கு மனையும் பணமும் கொடுத்திருக்கிறார்கள். இருபது வருஷம் ஆகிவிட்டது. இன்னும் ஏன் பழைய டெஹ்ரி, பழைய டெஹ்ரி என்று பேசிக்கொண்டே இருக்கிறார்கள்? இது வெறும் ஊர்ப் பாசமா, இல்லை உண்மையிலேயே அநியாயம் நடந்ததா?"

டேராடூனில் சில வருஷம் குடியிருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். எங்கள் தெருவில் பாதிப் பேர், அணைத் தண்ணீரில் மூழ்கிப்போன பழைய டெஹ்ரியிலிருந்து வந்தவர்கள். அவர்களோடு பேசிப் பேசித்தான் எனக்கு இந்த விஷயத்தில் அக்கறை வந்தது. பிறகு அணை பற்றியும் மறுகுடியமர்வு பற்றியும் கிடைத்ததையெல்லாம் படித்தேன். பாசமும் உண்டு, அநியாயமும் உண்டு. ஆனால் இரண்டையும் விடப் பெரிய ஒன்று இருக்கிறது. அந்த ஊர் அந்த இடத்தில் ஏன் இருந்தது என்ற கேள்வியை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. வீடுகளை எண்ணினார்கள், கடைகளை எண்ணினார்கள், குடும்பங்களை எண்ணினார்கள். அந்தக் கடைகளுக்கு ஆள் எங்கிருந்து வந்தது என்பதற்குப் படிவத்தில் இடம் இல்லை.

ஊர் எங்கே இருந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

கங்கோத்ரிப் பக்கமிருந்து உத்தரகாசி வழியாக இறங்கி வருவது பாகீரதி ஆறு. கன்சாலிப் பக்கமிருந்து வருவது பிலங்கனா. இரண்டும் சேரும் முனையில் பழைய டெஹ்ரி. 1804-இல் நேபாளத்துக் கூர்க்காப் படை இந்த மலைநாடான கார்வாலைப் பிடித்தது. ராஜா பிரத்யும்ன ஷா டேராடூன் அருகே நடந்த போரில் இறந்தார். 1815-இல் ஆங்கிலேயர் கூர்க்காக்களை விரட்டிய பிறகு, அலக்நந்தா ஆற்றுக்குக் கிழக்கே உள்ள பாதி நாட்டைத் தாங்களே வைத்துக்கொண்டார்கள். பரம்பரைத் தலைநகரான ஸ்ரீநகரும் (காஷ்மீரில் இருப்பது வேறு, இது கார்வால் ஸ்ரீநகர்) அவர்கள் பக்கம் போய்விட்டது. மிச்ச நாட்டை வாங்கிக்கொண்ட மகன் சுதர்சன் ஷா, 1815 டிசம்பர் 28 அன்று இந்தக் கூடுதுறையில் புதுத் தலைநகரை நிறுவினார்.

இடத்தேர்வு சாமர்த்தியமானது. மலைநாட்டில் வழி என்பது பள்ளத்தாக்கு. இரண்டு ஆறு சேரும் இடத்தில் இரண்டு பள்ளத்தாக்கின் வழியும் சேரும். மேலே சரிவுகளில் இருக்கிற நூற்றுக்கணக்கான கிராமங்களிலிருந்து யார் எங்கே இறங்கினாலும் கடைசியில் டெஹ்ரியில் வந்துதான் நிற்க வேண்டும். உப்பு, வெல்லம், துணி, பாத்திரம், மருந்து, கோர்ட், சர்க்கார் ஆபீஸ் எல்லாம் அங்கேதான். ரிஷிகேஷிலிருந்து கங்கோத்ரி போகும் ரோடும் ஊரின் ஊடாகவே போனது. கோடையில் யாத்திரைக் கூட்டம் முழுக்க அங்கே இறங்கிச் சாப்பிட்டு, சங்கமத்தில் முழுகிவிட்டு ஏறிப் போகும்.

டெஹ்ரி என்றதும் கார்வால் பெண்கள் முதலில் சொல்வது 'நத்' பற்றித்தான். நம் ஊரில் நத்து என்று ஒரு மூக்கணி உண்டல்லவா, அந்தச் சொல்லேதான். ஆனால் டெஹ்ரி நத் கன்னத்தையே மறைக்கிற பெரிய வளையம். முத்தும் சிவப்புக் கல்லும் கோத்தது. கல்யாணப் பெண் அது இல்லாமல் மணையில் உட்கார மாட்டாள். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானால் மலைக் கிராமத்துக் குடும்பம் தட்டானைத் தேடிக் கீழே இறங்கும். போன இடத்தில் ஜவுளியும் பாத்திரமும் வாங்கும். சொந்தக்காரர் வீட்டில் ஒரு ராத்திரி தங்கும். ஒரு நத்துக்காக வந்த குடும்பம் பத்துக் கடை ஏறி இறங்கிவிட்டுத்தான் போகும். பஜார் பிழைத்தது இப்படித்தான்.

இன்னொரு விஷயம் இதை நன்றாக விளக்கும். டெஹ்ரி ராஜாக்களுக்குத் தங்கள் பெயரில் ஊர் உண்டாக்கும் வழக்கம் இருந்தது. பிரதாப் ஷா பிரதாப்நகர் கட்டினார். கீர்த்தி ஷா கீர்த்திநகர் கட்டினார். அவருக்குப் பின் வந்த நரேந்திர ஷா 1920-களில் தலைநகரையே நரேந்திர நகருக்குக் கொண்டுபோய்விட்டார். அரசாங்கம் போனது, தர்பார் போனது. ஆனால் டெஹ்ரி காலியாகவில்லை. ராஜா இருந்தாலும் இல்லாவிட்டாலும் கிராமத்துக்காரன் உப்பு வாங்க அங்கேதான் இறங்க வேண்டும். 1897-இல் விக்டோரியா மகாராணியின் வைர விழாவுக்குக் கீர்த்தி ஷா கட்டிய மணிக்கூண்டு பஜாருக்கு நேரம் சொல்லிக்கொண்டே இருந்தது. தலைநகர் என்ற பட்டம் போன பிறகும் எண்பது வருஷம் அந்த ஊர் ஊராகவே இருந்தது. இதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அணை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1972-இல் திட்டக்குழு ஒப்புதல், 1978-இல் வேலை ஆரம்பம். சங்கமத்துக்குச் சற்றுக் கீழே, மண்ணும் பாறையும் கொட்டி எழுப்பிய 260.5 மீட்டர் உயர அணை. இந்தியாவில் இதைவிட உயரமானது இல்லை. மின் உற்பத்தி 1,000 மெகாவாட். டெல்லிக்குக் குடிநீராக 300 கன அடி, உத்தரப் பிரதேச நகரங்களுக்கு 200 கன அடி, நொடிக்கு. கீழே சமவெளியில் லட்சக்கணக்கான ஹெக்டேர் பாசனம். 2013 ஜூன் வெள்ளத்தில் பாகீரதியில் வந்த தண்ணீரை இந்த நீர்த்தேக்கம் பிடித்து வைத்துக்கொண்டதால்தான் ரிஷிகேஷும் ஹரித்துவாரும் தப்பின என்று அணைத் தரப்பினர் சொல்கிறார்கள். அணையால் பலன் இல்லை என்று நான் சொல்லப் போவதில்லை. பலன் யாருக்குப் போனது, விலையை யார் கொடுத்தார்கள் என்பதுதான் இங்கே பேச்சு.

எதிர்ப்பும் அப்போதே ஆரம்பித்தது. வழக்கறிஞர் வீரேந்திர தத் சக்லானி 1978-இல் டெஹ்ரி அணை எதிர்ப்புப் போராட்டக் குழுவை அமைத்தார். பிறகு சுந்தர்லால் பகுகுணா வந்தார். மரங்களைக் கட்டிப்பிடித்துக் காத்த சிப்கோ இயக்கத்தால் அவர் பெயர் தமிழ்நாட்டிலும் தெரியும். அவர் இந்தப் பக்கத்து மனிதர் என்பது பலருக்குத் தெரியாது. ஊர் டெஹ்ரிக்குப் பக்கத்துக் கிராமம். பதின்மூன்று வயதில் அவரைப் பொதுவாழ்வுக்கு இழுத்தவர் ஸ்ரீதேவ் சுமன். சமஸ்தானக் கொடுமையை எதிர்த்து, இதே டெஹ்ரிச் சிறையில் 84 நாள் உண்ணாவிரதம் இருந்து 1944 ஜூலை 25 அன்று உயிர்விட்டவர். அவர் உடலை இரவோடு இரவாகப் பிலங்கனாவில் போட்டுவிட்டார்கள். அப்படிப்பட்டவரின் சீடர் அணைக்கு எதிரே பாகீரதிக் கரையில் குடிசை போட்டு உட்கார்ந்தார். 1995-இல் 45 நாள், 1996-இல் டெல்லி ராஜ்காட்டில் 74 நாள் உண்ணாவிரதம். 1991 அக்டோபரில் உத்தரகாசியை உலுக்கிய நிலநடுக்கத்துக்குப் பிறகு அணையின் பாதுகாப்பு பற்றிய பயமும் சேர்ந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2003 செப்டம்பரில் மூன்று நீதிபதிகள் அமர்வு பெரும்பான்மையாக அணைக்கு வழிவிட்டது; நீதிபதி தர்மாதிகாரி மட்டும் சிலவற்றில் வேறுபட்டுத் தீர்ப்பு எழுதினார். 2005 அக்டோபர் 29 அன்று, ஆற்றைத் திருப்பிவிட்டிருந்த சுரங்கங்களில் கடைசி ஒன்றை மூடினார்கள். தண்ணீர் ஏறியது. அடுத்த ஆண்டே மின்சாரம் வந்துவிட்டது.

இந்தத் தேதிகளை இன்னொரு தடவை பாருங்கள். 1972-இல் ஒப்புதல், 2005-இல் மூழ்கல். நடுவில் முப்பத்து மூன்று வருஷம். ஒரு தலைமுறை முழுக்க, நாளைக்கோ அடுத்த வருஷமோ ஊர் போய்விடும் என்று சொல்லியே வைத்திருந்தார்கள். மூழ்கப் போகிற ஊரில் யார் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள்? யார் கடையைப் பெரிதாக்குவார்கள்? எந்த பேங்க் கடன் கொடுக்கும்? பெண் கொடுக்கிறவர்கள்கூட யோசித்தார்கள் என்று எங்கள் தெருப் பாட்டி ஒருவர் சொன்னார். மதிப்பீட்டுக்காரர்கள் வந்து பார்த்தபோது அவர்கள் கண்ணில் பட்டவை ஓட்டை ஒடிசல் வீடுகள். அவற்றுக்குத் தகுந்த மதிப்புத்தான் போட்டார்கள். அந்த வீடுகள் அப்படி ஆனதே அணை அறிவிப்பால்தான் என்பது மதிப்பீட்டில் ஏறாது. வெளியே தெரியாத அநியாயங்களில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன்.

அடுத்தது குடும்பம் என்றால் யார் என்ற சிக்கல். நகரத்தில் மறுகுடியமர்வுக்குரியவை 5,291 குடும்பங்கள் என்பது அரசுக் கணக்கு. தகுதிக்கு 1985-ஐ வரம்பாக வைத்தார்கள். அன்றைக்கு ஐந்து வயதுப் பையன், ஊர் மூழ்கும்போது இருபத்தைந்து வயது ஆள். கல்யாணமாகிக் குழந்தையும் இருக்கும். பட்டியலில் மட்டும் அவன் இன்னும் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிற பையன்தான். பகுகுணாவின் உண்ணாவிரதத்தின் பலனாக 1996-இல் அமைந்த அனுமந்த ராவ் குழு, இந்த மாதிரிக் குறைகளைச் சரிசெய்யச் சொல்லி அடுத்த வருஷம் அறிக்கை கொடுத்தது. அரசு சிலவற்றை ஏற்றது, பலவற்றை ஏற்கவில்லை. வாடகைக்கு இருந்த கடைக்காரர்கள், தள்ளுவண்டிக்காரர்கள், அன்றாடக் கூலிகள் நிலை இன்னும் மோசம். நிலம் எடுப்புக்கு அப்போது இருந்தது 1894-ஆம் ஆண்டுச் சட்டம். பட்டா வைத்திருப்பவனோடுதான் அது பேசும்; பிழைப்பை இழந்தவனோடு பேசாது.

இப்போது நியூ டெஹ்ரிக்கு வருகிறேன். நீங்கள் சொன்ன ரோடும் வீடும் ஆஸ்பத்திரியும் உண்மை. மேசையில் உட்கார்ந்து வரைபடம் போட்டு எழுப்பிய ஊர் அது. 1,550 மீட்டரிலிருந்து 1,950 மீட்டர் வரை மலைச்சரிவில் ஏறிக்கொண்டே போகிறது. ஒரே ஊருக்குள் மேல் வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் 400 மீட்டர் ஏற்றம். பழைய ஊர் சுட்டெரிக்கும் பள்ளத்தாக்கு, மாம்பழம் காய்க்கும். புது ஊரில் குளிர்காலத்தில் மூடுபனி, சில வருஷம் பனியே விழும். அறுபது வயது வரை சமதளத்து பஜாரில் நடந்து பழகியவர்கள், பால் வாங்க நூறு படி இறங்கி ஏற வேண்டியதாயிற்று. பழைய ஊரில் யார் எதற்குப் போனாலும் மணிக்கூண்டுப் பக்கம் ஒரு தடவை கடந்தாக வேண்டும், பார்த்துக்கொள்வார்கள், பேசிக்கொள்வார்கள். புது ஊரில் வீடுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. ஒரு அடுக்குக்காரர் அடுத்த அடுக்குக்காரரைப் பார்க்கவே ஒரு காரணம் வேண்டும்.

குளிருக்கும் படிக்கும்கூட மனிதன் பழகிவிடுவான். பழக முடியாதது வேறு. நியூ டெஹ்ரி முகட்டில் இருக்கிறது. வழி சேரும் இடத்தில் இல்லை. புதிதாகப் போட்ட கங்கோத்ரி ரோடு சம்பாவிலிருந்தே பிரிந்து தராசு என்ற ஊர், உத்தரகாசி என்று போய்விடுகிறது. நியூ டெஹ்ரிக்குள் வருவதில்லை. யாத்திரைக்காரன் ஊரைப் பார்ப்பதே இல்லை. கல்லூரி பாத்ஷாஹி தௌல் என்ற வேறு ஊருக்குப் போனது. மாணவர்களும் அவர்களை நம்பிய டீக்கடையும் அறை வாடகையும் கூடவே போயின. டேராடூனிலோ ரிஷிகேஷிலோ மனை வாங்கிக்கொள்ளலாம் என்று விருப்பம் கொடுத்ததால் வசதி உள்ளவர்கள், வியாபாரிகள், படித்த பிள்ளைகள் இருக்கிற வீட்டார் நிறையப் பேர் சமவெளிக்கு இறங்கிவிட்டார்கள். விருப்பம் கொடுத்தது தப்பு என்று சொல்ல மாட்டேன்; எனக்குத் தெரிந்தவர்கள் அதனால் நன்றாகவே இருக்கிறார்கள். ஆனால் ஊர் மூன்றாக உடைந்தது. ஜவுளிக்காரர் டேராடூனில், தட்டான் ரிஷிகேஷில், அவர்களிடம் வாங்கின ஆள் மலைமேல்.

கிராமங்களுக்கு வருகிறேன். நியூ டெஹ்ரி பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிற பகுதி இது. 37 கிராமங்கள் முழுக்க மூழ்கின, 88 கிராமங்கள் ஓரளவு மூழ்கின என்பது நெடுங்காலமாகச் சொல்லப்படும் அரசுக் கணக்கு. முழுக்க மூழ்கியவர்களுக்கு 2 ஏக்கர் விவசாய நிலம், அல்லது நகராட்சி எல்லையை ஒட்டி அரை ஏக்கர் என்று கொடுத்து ஹரித்துவார் பக்கம் பத்ரி, டேராடூன் பக்கம் பானியாவாலா போன்ற இடங்களில் குடியேற்றினார்கள். வயல் மூழ்கி வீடு தப்பியவர்கள் மலையிலேயே தங்கினார்கள். பெண்களுக்கு இதில் தனி நஷ்டம். கார்வாலில் பிறந்த வீட்டை 'மைத்' என்பார்கள். அவர்களுடைய சைத் மாதம் (நம் பங்குனி) பிறந்தால் கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு மைத் ஞாபகம் வரும். அண்ணன் தம்பி வந்து பார்ப்பார்கள், இல்லாவிட்டால் அவள் போவாள். எதிர்ச் சரிவில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த மைத், ஹரித்துவாருக்கு அப்பால் போனது எத்தனை பெண்களுக்கு என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

மலையில் தங்கியவர்களுக்கும் நியூ டெஹ்ரிக்கும் நடுவில் இப்போது ஏரி. பாலங்கள் தண்ணீருக்குள் போய்விட்டன. அக்கரையில் பிரதாப்நகர் பகுதி முழுக்கத் துண்டாகிவிட்டது. நேரே பார்த்தால் எதிரில் தெரிகிற இடத்துக்குச் சுற்றிக்கொண்டு மணிக்கணக்கில் பயணம். பிரசவ வலி எடுத்தவளையும் அப்படித்தான் கொண்டுபோக வேண்டும். தங்கள் பகுதியை அவர்களே 'காலாபானி' என்று சொன்னார்கள். அந்தமான் சிறைக்குச் சொல்கிற அதே பெயர். அவர்களுக்காக டோப்ரா-சாண்டி தொங்குபாலத்தை 2006-இல் கட்டத் தொடங்கினார்கள். மொத்தம் 725 மீட்டர், நடுத் தொங்கல் மட்டும் 440 மீட்டர். திறந்தது 2020 நவம்பரில். அணையைத் தண்ணீரால் நிரப்ப ஒரு மழைக்காலம் காத்திருக்கவில்லை. பாலத்துக்கு மட்டும் பதினான்கு வருஷம் காத்திருந்தார்கள். பதினான்கு வருஷத்தில் ஒரு பஜாரின் வாடிக்கை முழுக்க வேறு திசைக்குப் போய்விடும். பிறகு பாலம் வந்தாலும் ஆள் திரும்புவதில்லை.

தலைநகர் போன பிறகும் டெஹ்ரி ஏன் பிழைத்தது, இந்த முறை ஏன் பிழைக்கவில்லை என்பது இப்போது புரிந்திருக்கும். நரேந்திர ஷா அரசாங்கத்தை மட்டும் எடுத்துப் போனார். சந்தையும் வழியும் கிராமங்களும் இருந்த இடத்திலேயே இருந்தன. அணை வந்தபோது நேர்மாறாக நடந்தது. கலெக்டர் ஆபீஸ் பத்திரமாக மேலே ஏறியது. சந்தைக்கு ஆள் வந்த வழி தண்ணீருக்குள் போனது.

கரையோரக் கிராமங்களின் கஷ்டம் இன்னும் முடியவில்லை. நீர்த்தேக்கத்தின் முழு மட்டம், கடல்மட்டத்திலிருந்து கணக்கிட்டால், 830 மீட்டர்; மழைக்காலத்துக்கு முன்பு 740 வரை இறக்குவார்கள். வருஷா வருஷம் 90 மீட்டர் ஏற்றம், இறக்கம். மாதக்கணக்கில் ஊறிக் கிடக்கிற மலைச்சரிவிலிருந்து ஏரித் தண்ணீர் இறங்கும்போது, மண்ணுக்குள் இருக்கிற தண்ணீர் அதே வேகத்தில் வடியாது. வெளியே முட்டுக்கொடுத்த தண்ணீர் போய்விட்டது, உள்ளே பாரம் இருக்கிறது, சரிவு நழுவும். சுவரில் கீறல் விழும், வயல் பிளக்கும். ஆனால் நிலம் எடுக்க வரைந்த கோடு 835 மீட்டர். அதற்கு மேலே வீடு இருந்தால் ஏட்டின்படி நீங்கள் பாதிக்கப்படவே இல்லை. பல வருஷம் மனுக் கொடுத்து, மறியல் செய்து, அதன் பிறகுதான் இப்படிப்பட்ட பக்கச் சேதத்துக்கென்று தனிக் கொள்கை வகுத்தார்கள். மறுகுடியமர்வு முடிந்துபோன கதை என்று நினைப்பவர்கள் இந்தக் கிராமங்களில் ஒன்றுக்குப் போய், உள்சுவரில் கீறலுக்குக் குறுக்கே ஒட்டிவைத்திருக்கிற கண்ணாடித் துண்டைப் பார்க்க வேண்டும். அது உடைந்தால் மலை நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

பகுகுணா முடிந்தவரை குடிசையிலேயே இருந்தார். 2004 ஜூலை இறுதியில் அவரையும் அப்புறப்படுத்திக் கோட்டியில் ஒரு வீட்டில் வைத்தார்கள். பின்னாளில் டேராடூன் வந்தார். 2021 மே மாதம் கொரோனாவில் ரிஷிகேஷில் காலமானார். அதே ஆண்டு செப்டம்பரில்தான் நீர்த்தேக்கம் முழு அனுமதியோடு 830 மீட்டரைத் தொட்டது.

இனி உங்கள் கேள்விக்கு நேராகச் சொல்கிறேன். அவர்கள் அழுவது வீட்டுக்காக இல்லை. வீடு பலருக்கு முன்னைவிட நல்லதாகவே கிடைத்திருக்கிறது. அதை அவர்களே சொல்வார்கள். என்னிடம் ஒரு கடைக்காரர் சொன்னார்: "அங்கே நான் கடையைத் திறந்தால் போதும், பாக்கியை ஆறு பார்த்துக்கொள்ளும். இங்கே நான் எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் ஆள் வரவில்லை." அவர் கடைக்கு இழப்பீடு வாங்கியவர்தான். ஆறு பார்த்துக்கொண்ட பங்குக்கு யாரும் விலை போடவில்லை, போடவும் தெரியவில்லை.

மறுபடி அந்தப் பக்கம் போனால் மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ போங்கள். கோட்டி காலனிப் படகுத்துறையில் கூட்டம் ஜெட் ஸ்கீ ஓட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் நன்றாக இறங்கிய வருஷமாக இருந்தால் பழைய அரண்மனையின் இடிபாடு சேற்று நிறத்தில் தலைகாட்டும். கரையில் வயதானவர்கள் சிலர் பேரன் பேத்தியைக் கூட்டிவந்து, எது எந்தத் தெரு என்று கைநீட்டிச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். பக்கத்தில் போய் நின்று கேளுங்கள். உங்களுக்கும் சொல்வார்கள்.